நாஸ் பெட்டியில் ரேம், பிராசசர் மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் பெரியம்மா மகனிடம் ஒரு நாஸ் இருக்கிறது, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் டிஸ்க் பெட்டி. ஒரு சனிக்கிழமை இரவு அவர் போன் செய்தார். "தம்பி, ரேம் மாத்தினேன். நீல லைட் மட்டும் சிமிட்டிக்கிட்டே இருக்கு, பெட்டி எழுந்திருக்கவே மாட்டேங்குது. போட்டோ எல்லாம் போயிடுச்சா?"

"எதுவும் போகலைண்ணா. பிளக்கைப் பிடுங்கிட்டு அப்படியே விட்டுடுங்க. காலையில வர்றேன்."

பயத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் படங்களும் ஃபைல்களும் டிஸ்க்கில் இருக்கின்றன. தப்பான ரேம் போட்டதால் பெட்டி ஆன் ஆகவில்லை என்றால், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவே இல்லை. ஆன் ஆகாத பெட்டி ஆபத்தில்லாத பெட்டி. நன்றாக ஆன் ஆகி, எல்லாம் சரியாக ஓடுவது போலக் காட்டுகிற பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஏன் என்று கீழே விவரமாகச் சொல்கிறேன்.

பெட்டியைத் திறக்கும் முன் சில வேலைகள். மென்பொருளிலேயே ஷட் டவுன் கொடுங்கள், பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள், ஐந்து நிமிடம் விடுங்கள். டிஸ்க்குகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தால் ஒவ்வொன்றின் மீதும் ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதிவிடுங்கள். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று காய்ந்து கிடக்கும். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது பொறி தட்டுமே, அதே மின்சாரம் ஒரு மெமரி சிப்பைக் கெடுக்கப் போதும். பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, வண்ணம் பூசாத இரும்பு எதையாவது தொட்டுவிட்டு உட்காருங்கள்.

லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, பெட்டி எழவே இல்லை

முதலில் பழைய ரேமைத் திரும்பப் போட்டு ஆன் செய்யுங்கள். எழுந்துவிட்டால் மதர்போர்டு நன்றாக இருக்கிறது, கோளாறு புது ரேம் ஸ்டிக்கிலோ அதை மாட்டிய விதத்திலோதான். எழவில்லை என்றால் கை பட்டு வேறு ஏதாவது கழன்றிருக்கிறதா என்று தேடுங்கள்.

மாட்டிய விதம் சரியா என்பது கண்ணுக்கே தெரியும். லேப்டாப் அளவு ஸ்டிக்கைச் சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்க வேண்டும். அமுக்கிய பின், ஸ்லாட்டின் உதட்டுக்கு வெளியே தங்க நிறக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒரு மயிரிழை தெரிந்தால் சரி. ஒரு ஓரத்தில் மட்டும் தடியாகத் தெரிந்தால் ஸ்டிக் கோணலாக இருக்கிறது. கிளிப் 'டிக்' என்று விழுந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து நம்பிவிட வேண்டாம், கோணலாக இருந்தாலும் சில ஸ்லாட்டில் கிளிப் விழும்.

ஸ்டிக் சரியாக உட்கார்ந்தும் எழவில்லை என்றால் அது இனம் மாறிய ஸ்டிக்காக இருக்கலாம். அண்ணன் வீட்டில் நடந்தது அதுதான். அவர் பெட்டிக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். அவர் வாங்கி வந்தது 1.5 வோல்ட் டிடிஆர்3. இரண்டுக்கும் 204 பின், ஸ்டிக்கின் விளிம்பில் உள்ள பள்ளமும் ஒரே இடம், கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் ஓடாது. டிடிஆர்4 லேப்டாப் ஸ்டிக்குக்கு 260 பின், பள்ளம் வேறு இடம் என்பதால் அதை மாற்றி மாட்ட வாய்ப்பில்லை. டிடிஆர்3, டிடிஆர்3எல் ஜோடியில்தான் ஏமாறுகிறோம். லேபிளில் பிசி3 என்பதை அடுத்து 'எல்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

டெஸ்க்டாப் அளவு ஸ்லாட் உள்ள பெட்டிகளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சர்வரிலிருந்து கழற்றிய 16 ஜிபி ஸ்டிக்குகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை ரெஜிஸ்டர்ட் வகை, அதாவது ரெஜிஸ்டர் என்ற இடைச் சிப் உள்ள சர்வர் ஸ்டிக். சாதா போர்டில் மாட்டிக்கொள்ளும், ஆனால் பெட்டி எழாது. லேபிளில் வேக எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து சொல்லிவிடும்: 'எஸ்' என்றால் லேப்டாப் அளவு, 'யு' என்றால் சாதா டெஸ்க்டாப், 'ஈ' என்றால் ரெஜிஸ்டர் இல்லாத ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் வகை), 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர்ட். கடைக்குப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் போங்கள். "சர்வர்ல ஓடினது சார், இதுல ஓடாதா?" என்று கடைக்காரர் தமிழிலேயே கேட்பார். அந்த எழுத்தைக் காட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டிடிஆர்5 போட்ட புதிய பெட்டி என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். ரேம் மாற்றியதும் முதல் தடவை போர்டு அந்த ஸ்டிக்கோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் செத்தது போலவே இருக்கும். பத்து நிமிடம் கழித்து முடிவு செய்யுங்கள்.

எழுந்தது, ஆனால் போட்ட மெமரி முழுதாகக் காட்டவில்லை

சில நூறு எம்பி குறைந்தால் விட்டுவிடுங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு ஸ்டிக் அளவு மொத்தமாகக் குறைந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக், ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட்.

உங்கள் பெட்டியின் எல்லையையும் பாருங்கள். செலரான் ஜே3455, ஜே4125 இரண்டுக்கும் இன்டெல் அறிவித்திருக்கும் உச்சம் 8 ஜிபி. என்100 என்றால் 16 ஜிபி. பலர் அதற்கு மேல் போட்டும் ஓட்டுகிறார்கள். ஆனால் ஓடவில்லை என்றால் யாரையும் கேட்க முடியாது. ஏஆர்எம் சிப் உள்ள சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அங்கே மாற்ற எதுவும் இல்லை.

எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் சில ஃபைல் திறக்கவில்லை, சில படம் கெட்டிருக்கிறது

என் சொந்தப் பெட்டியில் நடந்தது இது. பழைய 8 ஜிபி ஸ்டிக் ஒன்றை வாங்கிப் போட்டேன். பெட்டி உடனே எழுந்தது, முழு மெமரியும் காட்டியது, ஒரு எச்சரிக்கையும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பழைய யுஎஸ்பி டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்களை எல்லாம் இரண்டு வாரமாக அதில் ஏற்றினேன்.

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. ஒரு நாள் தங்கைக்கு அனுப்புவதற்காக அந்தப் படத்தைத் திறந்தேன். மேலே மாவிலைத் தோரணம், அப்பாவின் நெற்றி, விபூதி எல்லாம் அப்படியே இருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு கோடு கிழித்தாற்போல் படம் வலது பக்கம் நகர்ந்திருந்தது. அம்மாவின் அரக்குப் பட்டு பச்சையாகத் தெரிந்தது, மாலை இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஜேபெக் படத்தில் ஒரே ஒரு பிட் புரண்டால் இப்படித்தான் ஆகும். புரண்ட இடத்துக்கு முன்னால் இருப்பது தப்பிக்கும், பின்னால் வருவது எல்லாம் இடமும் நிறமும் மாறும்.

டிஸ்க்கில்தான் கோளாறு என்று நினைத்து, எழுதியது எழுதியபடியே இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்க்ரப் சோதனையை ஓட்டினேன். பிழை பூஜ்யம் என்றது. அது பொய் சொல்லவில்லை. ஃபைல் முதலில் ரேமுக்கு வருகிறது, அங்கேயே பிட் புரண்டுவிட்டது. அதன் பிறகுதான் பெட்டி செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு இரண்டையும் சேர்த்து டிஸ்க்கில் எழுதியது. கெட்ட ஃபைலுக்குச் சரியான செக்சம். ஒரு டிஸ்க் போனாலும் ஃபைல் தப்பிக்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டும் அதே கெட்டதைத்தான் இரண்டு டிஸ்க்கிலும் பத்திரமாக வைத்திருந்தது. ரெய்டு, ஸ்க்ரப், பெட்டிக்குள் இருக்கும் பழைய நகல் எதுவும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. யுஎஸ்பி டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்ததால் மட்டும்தான் அந்தப் படம் இன்று இருக்கிறது.

இந்த அறிகுறி தெரிந்தால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், வரிசை முக்கியம். முதலில், பெட்டியிலிருந்து வேறு இடத்துக்கு ஓடும் எல்லா பேக்கப்பையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நல்ல நகலின் மேல் கெட்டது போய் உட்காரும். இரண்டாவது, பெட்டியில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். மூன்றாவது, அணைத்துவிட்டுப் பழைய ரேமைப் போடுங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு.

சோதிக்க மெம்டெஸ்ட்86 பிளஸ் போதும். யுஎஸ்பியில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். ஹெச்டிஎம்ஐ இல்லாத பெட்டி என்றால், அதே வகை ரேம் போடும் லேப்டாப் ஒன்றில் சந்தேக ஸ்டிக்கை மட்டும் மாட்டிச் சோதிக்கலாம். சில நிறுவனங்களின் பெட்டிகளில் மெமரி சோதனை உள்ளேயே இருக்கும், கையேட்டில் பாருங்கள். இரவு படுக்கும் முன் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், குறைந்தது நான்கு சுற்று முடிந்திருக்க வேண்டும். சின்ன பிராசசரில் 16 ஜிபிக்கு ஒரு சுற்றே சில மணி நேரம் எடுக்கும். என் ஸ்டிக் முதல் இரண்டு சுற்றில் சுத்தமாக இருந்தது, மூன்றாவதில்தான் சிவப்புக் கோடு வந்தது. ஒரே ஒரு பிழை என்றாலும் அந்த ஸ்டிக் வேண்டாம்.

எந்த ஃபைல் கெட்டது என்று அறிய, மூலப் பிரதி இருந்தால் இரண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண் எடுத்து ஒப்பிடுங்கள். மூலம் கையில் இல்லாமல் ரேமின் மேல் சந்தேகம் மட்டும் இருந்தால், ரேம் அளவைவிடப் பெரிய ஒரு வீடியோ ஃபைலுக்கு நாலைந்து தடவை அதே எண்ணை எடுங்கள். யாரும் தொடாத ஃபைலுக்கு எண் மாறி வந்தால் ரேமைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். எண் மாறாமல் வந்தது என்பதற்காக ரேமுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது.

ஈசிசி ரேம் இருந்தால் ஒரு பிட் புரளும்போது அதுவே திருத்திவிடும், இரண்டு பிட் புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் பிராசசரும் போர்டும் சேர்ந்து அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஜே4125 போன்ற சிப்பில் ஈசிசி வேலை செய்யாது. அதனால்தான் ஈசிசி இல்லாத பெட்டியில் எந்த ஸ்டிக்கைப் போட்டாலும், புதிதோ பழையதோ, ஒரு இரவு சோதிக்காமல் ஒரு படம்கூட ஏற்றாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

டிஸ்க் காணவில்லை என்கிறது

"புதிய வால்யூம் உருவாக்கவா?", "டிஸ்க்கைத் தயார் செய்யவா?" என்று திரையில் கேட்கும். தொடாதீர்கள். ரேமுக்காகத் திறந்தபோது டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஒன்று தளர்ந்திருக்கும், அல்லது ட்ரே கடைசிவரை உள்ளே போயிருக்காது. இதுவரை நான் பார்த்ததில் பெரும்பாலும் இவ்வளவுதான். அணைத்து, எழுதிவைத்த எண்படி டிஸ்க்குகளை மறுபடி செருகி ஆன் செய்யுங்கள்.

ரெய்டு 5 ஒரு டிஸ்க் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் உடனே ரீபில்ட் (இல்லாத டிஸ்க்கில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எழுதுவது) கொடுக்க வேண்டாம். புது ரேம் சோதனையில் தேறட்டும், பிறகு கொடுக்கலாம். கெட்ட ரேமை வைத்து ரீபில்ட் செய்தால் தப்பான கணக்கு டிஸ்க் முழுவதும் எழுதப்படும்.

தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

எப்போது ஆகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், நேரமே காரணத்தைச் சொல்லும். ஆன் செய்து டிஸ்க்குகள் சுற்றத் தொடங்கும் நொடியில் என்றால் அடாப்டரைப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுற்றத் தொடங்கும்போது 12 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு டிஸ்க் சேர்ந்தால் ஏறத்தாழ 96 வாட். நாலைந்து வருடம் ஓடித் தளர்ந்த அடாப்டருக்கு அது கடினம். வேலை கொடுத்து இருபது நிமிடம் கழித்து என்றால் சூடு. எந்த ஒழுங்கும் இல்லாமல் நடந்தால் ரேம். மழைக்கு முன் கரண்ட் வந்து வந்து போகும் மாலைகளில் மட்டும் என்றால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள்.

மெமரி கூட்டியும் வேகம் கூடவில்லை

பெரும்பாலும் உயராது. ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்து வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 110 எம்பிக்குப் பக்கத்தில் நின்றால் உங்கள் ஜிகாபிட் நெட்வொர்க் நிரம்பிவிட்டது, எவ்வளவு ரேம் போட்டாலும் அதற்கு மேல் போகாது. 11, 12 எம்பியில் நின்றால் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். இணைப்பு கொடுக்க வந்தவர் அவசரத்தில் அமுக்கிய முனையில் ஒரு கம்பி ஒட்டாமல் இருந்தால், பெட்டி சத்தம் இல்லாமல் 100க்கு இறங்கிவிடும். அல்சூரில் ஒரு மாமி வீட்டில் புதிதாக வாங்கிய ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு மீட்டர் கேபிளை மாற்றினோம், வேகம் வந்துவிட்டது.

எழுதும்போது முதலில் வேகமாகப் போய்ப் பிறகு படுத்துவிட்டால், ட்ராக்குகளை ஓடு வேய்ந்தது போல அடுக்கும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். அதற்கும் ரேமில் மருந்தில்லை.

ரேம் நிஜமாகவே உதவும் இடங்கள்: பல கன்டெய்னர்களை (தனித்தனி அறைபோல ஓடும் செயலிகளை) ஒன்றாக ஓட்டுவது, விர்ச்சுவல் மெஷின், ஆயிரக்கணக்கான படங்களில் முகம் தேடும் வேலை. வாங்கும் முன்பே பெட்டியின் ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) எவ்வளவு பயன்படுகிறது என்று பாருங்கள். அது எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி 90 சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது

இது கோளாறு இல்லை. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் முறையும் கேஷாக, அதாவது ஃபைல்களை வேகமாக எடுத்துத் தர வைக்கும் இடமாக, எடுத்துக்கொள்ளும், வேறு வேலைக்கு வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்கும்.

பிராசசர் மாற்றியதில் வந்த சிக்கல்கள்

கடையில் வாங்கும் வீட்டு நாஸ் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் பிராசசர் போர்டில் பற்றவைத்தே வரும், அதை மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சாக்கெட் உள்ளவை சில உண்டு. பலர் கையில் இன்றும் இருப்பது 2013இல் வந்த ஹெச்பி மைக்ரோசர்வர் ஜென்8. அதில் 1155 சாக்கெட், 35 வாட் செலரான் ஜி1610டி, இரண்டு ஸ்லாட், உச்சம் 16 ஜிபி, ரெஜிஸ்டர் இல்லாத ஈசிசி டிடிஆர்3. அதை எடுத்துவிட்டு நான்கு கோர், 45 வாட் ஜியான் இ3-1265எல் வி2 போடுவது வழக்கம். கிடைப்பதும் கிடைக்காததும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பூட்டும் கணக்கை வேகமாகச் செய்யும் ஏஇஎஸ் கட்டளைகள் செலரானில் இல்லை, ஜியானில் உண்டு, எனவே பூட்டுப் போட்ட வால்யூம் மெதுவாக இருப்பதுதான் உங்கள் குறை என்றால் அது தீரும். ஆனால் டிவியில் படம் பார்க்கும்போது வீடியோ மாற்றத்துக்கு இன்டெல் கிராபிக்ஸின் க்விக் சிங்க் வசதி உதவும் என்று நம்பி வாங்கியிருந்தால் ஏமாற்றம்தான். பிராசசருக்குள் கிராபிக்ஸ் இருந்தும் அந்தப் போர்டின் சி204 சிப்செட் அதைப் பயன்படுத்த விடாது.

மாற்றிய பின் எழவே இல்லை என்றால், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸ் பழையதா என்று பாருங்கள். பழைய பிராசசரைத் திரும்பப் போட்டு, அப்டேட் செய்து, அப்புறம் புதியதை மாட்ட வேண்டும். எழுந்து ஒரு ஸ்லாட் ரேம் மட்டும் காணாமல் போனால் ரேமைக் குறை சொல்லாதீர்கள். இந்த வகை சாக்கெட்டில் பின்கள் போர்டு பக்கம் இருக்கும், ஒரு பின் வளைந்தாலும் ஒரு பக்க மெமரி முழுவதும் மறையும். போனின் கேமராவில் பெரிதாக்கி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, பின்களின் வரிசையைப் பாருங்கள். நெல் வயலில் ஒரு நாற்று மட்டும் சாய்ந்தது போல் தனியாகத் தெரியும். ஹீட்சிங்க் ஸ்க்ரூவை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் இதே விளைவு வரலாம். குறுக்கு மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

வேலை கொடுத்ததும் 90 டிகிரியைத் தொட்டால், பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்டைப் பாருங்கள். பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும், ஹீட்சிங்கே பரப்பிக்கொள்ளும். பேஸ்ட் சரியாக இருந்தும் சூடு இறங்கவில்லை என்றால், 35 வாட்டுக்குச் செய்த ஹீட்சிங்கின் மேல் 69 வாட் பிராசசரை உட்கார வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஆன் செய்யும் போதெல்லாம் தேதி மாறுகிறது

போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்திருக்கிறது. ஜென்8 வயதுள்ள பெட்டியைத் திறக்கும்போதே புதியது ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் பயாஸில் ஃபேன், பூட் வரிசை, டிஸ்க் கன்ட்ரோலர் அமைப்பு மூன்றும் முன்பு இருந்தபடி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.